பார்த்து வரைதல் பிழையா?

ஹொக்குசாய் என்ற ஜப்பானிய ஓவியர் 1831ஆம் ஆண்டளவில் படைத்த பேரலை ஓவியத்தை எங்கேனும் ஓரிடத்தில் காணாதவர் இன்று அரிது. 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புதிய ஆயிரம் யென் நாணயத்தாளின் பின்புறத்திலும் அந்த அலையே எழுந்து நிற்கிறது. சிறுவர் சித்திர வகுப்புகளிலும் அதற்குத் தனியிடம் உண்டு. ஆசிரியர் அலையின் படத்தைச் சுவரில் ஒட்டிவைக்கிறார். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைகிறார்கள். மாலையில் நீல வர்ணம் படிந்த விரல்களோடு வீடு திரும்பும் பிள்ளையின் தாளைப் பெற்றோர் வாங்கிப் பார்க்கிறார்கள். சிலர் மகிழ்கிறார்கள். சிலர் முகத்தைச் சுளித்து, "இது கொப்பியடித்தது தானே, உன்னுடைய சொந்தப் படம் எங்கே?" என்று கேட்கிறார்கள்.

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் இருவர் அண்மையில் இதே கேள்வியை என்னிடம் எழுப்பினர். நான் சித்திரகாரன் அல்லன். எழுத்தோடு காலம் கழித்தவன். ஆயினும் பிள்ளைகள் எவ்வாறு கற்கிறார்கள் என்பது ஓவியருக்கு மட்டும் உரிய விடயமன்று. எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்து வரைதல் பிழையன்று. எதைப் பார்த்து வரைகிறோம், எப்படிப் பார்க்கிறோம், வரைந்து முடித்தபின் என்ன செய்கிறோம் என்ற மூன்றிலும்தான் சரியும் பிழையும் தங்கியிருக்கின்றன.

பெற்றோரின் ஐயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஏனெனில் அதே ஐயம் ஜப்பானிலேயே ஒரு நூற்றாண்டுக்கு முன் பெரும் விவாதமாக எழுந்தது.

மெய்ஜி அரசு 1872இல் நவீன பாடசாலைக் கல்வி முறையைத் தொடங்கியபோது சித்திரமும் அதில் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டிலே வெளியான 'செய்கா ஷினான்' என்ற சித்திர வழிகாட்டி, ஆங்கில வரைதல் நூலொன்றின் வழிவந்தது. அச்சிட்ட கோட்டைப் பிள்ளை பென்சிலால் அப்படியே தாளில் ஏற்றவேண்டும் என்பதே அக்காலச் சித்திர பாடம். 1880களின் பிற்பகுதியில், மேற்கைப் பின்பற்றும் இப்போக்கை ஒக்காகுரா தென்ஷின் என்ற கலை அறிஞரும், டோக்கியோவில் கற்பித்துவந்த ஏர்னஸ்ட் பெனலோசா என்ற அமெரிக்கரும் எதிர்த்தனர். அவர்களின் செல்வாக்கால் பென்சிலின் இடத்துக்குத் தூரிகை வந்தது. கருவி மாறியதே ஒழிய முறை மாறவில்லை. முன்னர் பென்சிலால் ஏற்றிய கோட்டைப் பிள்ளைகள் இப்போது தூரிகையால் ஏற்றினர்.

இதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் யமாமோத்தோ கனாயே. தானே வரைந்து, தானே மரத்தில் செதுக்கி, தானே அச்சிட்ட படைப்பாளி அவர். பிரான்சில் கற்றுவிட்டு ரஷ்யா வழியாக நாடு திரும்பியபோது, 1916இல் மொஸ்கோவில் சிறுவர் ஓவியங்களைக் கண்டார். அவற்றின் துணிச்சல் அவரை உலுக்கியது. 1919 ஏப்ரலில் நகானோ மாகாணத்தின் கங்கவா ஆரம்பப் பாடசாலையில் சிறுவர்களின் சுதந்திர ஓவியக் கண்காட்சியை நடத்தினார். பாடநூலை மூடிவிட்டு வயலையும் மலையையும் பாருங்கள், கண்ணில் பட்டதை வரையுங்கள் என்பதே அவ்வியக்கத்தின் அழைப்பு. அது நாடெங்கும் பரவியது. அதே காலப்பகுதியில், 1925இல், ஜப்பானின் சகுரா நிறுவனம் எண்ணெய்ப் பெஸ்டலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் கையிலிருக்கும் பெஸ்டல் பெட்டிக்கும் அந்த நாட்களுக்கும் இப்படியொரு உறவு உண்டு.

கனாயே கண்டித்த முறையை நானும் கண்டிக்கிறேன். ஆனால் அவர் கண்டித்தது என்ன என்பதைக் கவனிக்கவேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டவை பாடநூலுக்கென்று தயாரிக்கப்பட்ட உயிரற்ற கோடுகள். அசலோடு எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு புள்ளி. வரைந்து முடிந்ததும் அடுத்த பக்கம். அங்கே பிள்ளை பார்ப்பதற்கு ஏதுமில்லை. பார்த்ததைத் தன்னுடையதாக்கிக் கொள்ள அவகாசமும் இல்லை. இக்குறைகளைக் காட்டி, பெரும் ஓவியரின் படைப்பைப் பார்த்து வரைதலே தீது என்று முடிவுகட்டுவது, பழுதான சோற்றை உண்டவன் சோறே நஞ்சு என்பதைப் போன்றது.

ஜப்பானிய ஓவிய மரபு வேறொரு கதையைச் சொல்கிறது.

ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆட்சியாளரின் ஆதரவோடு விளங்கியது கனோ ஓவியப் பரம்பரை. அதன் பட்டறையில் சேர்ந்த இளைஞன் ஆண்டுக்கணக்கில் முன்னோரின் மாதிரிகளைப் பார்த்தே வரைந்தான். அப்பரம்பரையின் பெரும் ஓவியர் கனோ தன்யூ, மதிப்பீட்டுக்காகத் தம்மிடம் வந்த பழைய ஓவியங்களையெல்லாம் சிறிய அளவில் வரைந்து வைத்துக்கொண்டவர். அவரது தம்பி யசுனோபு 1680இல் எழுதிய நூலில் ஓவியத்தை இரண்டாகப் பிரித்தார். பிறவி ஆற்றலால் வருவது ஒன்று. கற்றலால் வருவது மற்றது. பிறவி ஆற்றலை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க இயலாது, கற்றதைக் கையளிக்கலாம். ஆதலால் கற்றலே மேல் என்பது அவர் கொள்கை. இக்கொள்கை நாளடைவில் இறுகிப்போய்ப் பரம்பரையின் படைப்பு வேகத்தைத் தளர்த்தியது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. அதேவேளை, அதே பட்டறையில் அதே முறையில் பயின்ற ஹஷிமோத்தோ கஹோ, 1889இல் திறக்கப்பட்ட டோக்கியோ நுண்கலைப் பாடசாலையில் ஆசிரியரானார். அவரிடம் கற்ற யொகொயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் பழைய ஓவியங்களைப் பிரதி செய்து பயின்றவர்கள். 1900ஆம் ஆண்டளவில் அவர்கள் செய்த புரட்சி என்ன தெரியுமா? ஜப்பானிய ஓவியத்தின் முதுகெலும்பென்று கருதப்பட்ட எல்லைக்கோட்டையே விலக்கிவிட்டு, நிறத்தை மட்டும் படரவிட்டு வரைந்தார்கள். மங்கல் பாணி என்று விமர்சகர் அதனை எள்ளினர். கோட்டைப் பல்லாண்டு பயின்ற கைகளே கோட்டைத் துறந்தன.

இதைவிடத் தெளிவான சான்று மூன்று மடிப்புத்திரைச் சோடிகளில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தவராயா சோத்தட்சு என்பவர் காற்றுத் தெய்வத்தையும் இடித் தெய்வத்தையும் பொன் பின்னணியில் வரைந்தார். அது கியோத்தோவிலுள்ள கெனின்ஜி ஆலயத்துக்கு உரியது. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து ஒகத்தா கோரின் அதே ஓவியத்தை, கோட்டுக்குக் கோடு ஏறக்குறையப் பொருந்தும்படி பிரதி செய்தார். சோத்தட்சுவை அவர் நேரில் கண்டவரல்லர். ஆனால் பிரதியில் ஒரு வேறுபாடு. சோத்தட்சுவின் இடித் தெய்வத்தின் முரசுகள் திரையின் விளிம்பைத் தாண்டி வெளியே போகின்றன; கோரின் அவற்றைத் திரைக்குள் கொண்டுவந்தார். முன்னவரின் தெய்வங்கள் கீழே நோக்க, கோரினின் தெய்வங்கள் ஒருவரையொருவர் நோக்குகின்றன. மேலும் நூறு ஆண்டு கழித்து சக்காய் ஹோய்ட்சு கோரினின் ஓவியத்தைப் பார்த்து மீண்டும் வரைந்தார்.

ஹோய்ட்சு அத்துடன் நிற்கவில்லை. 1821ஆம் ஆண்டளவில், கோரின் வரைந்த அந்தத் திரையின் பின்புறத்திலேயே வெள்ளிப் பின்னணியில் தமது சொந்த ஓவியத்தைத் தீட்டினார். முன்பக்கத்தில் இடித் தெய்வம் நிற்கும் இடத்துக்கு நேர்பின்னே, மழையில் நனைந்து தலைசாய்ந்த கோடைகாலச் செடிகள். காற்றுத் தெய்வத்துக்கு நேர்பின்னே, காற்றில் அலைக்கழியும் இலையுதிர்காலப் புற்கள். முன்னே பொன், பின்னே வெள்ளி. முன்னே வானத்துத் தெய்வங்கள், பின்னே அத்தெய்வங்களின் செயலைத் தாங்கும் பூமி. நான் அறிந்தவரை, ஓர் ஓவியர் தமது முன்னோருக்கு அளித்த மறுமொழிகளுள் இதற்கு இணையானது அரிது. முன்பக்கத்தைக் கையால் வரைந்து அறிந்தவருக்கே பின்பக்கத்தில் என்ன வரையலாம் என்ற எண்ணம் வந்தது. பின்னாளில் பாதுகாப்புக் கருதி இரு பக்கங்களையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டனர். பிரிந்த பின்னும் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் பார்த்து வரையும் அலையைப் படைத்த ஹொக்குசாய் இதைப்பற்றி என்ன எண்ணினார்? அவரது செயலே விடை. பிறர் பார்த்து வரைவதற்கென்றே அவர் நூல்கள் வெளியிட்டார். 1812இல் வெளியான விரைவுச் சித்திர வழிகாட்டியில், எந்த உருவத்தையும் வட்டமாகவும் நேர்கோடாகவும் பிரித்துக் காட்டுகிறார். கவராயமும் அடிமட்டமும் கொண்டு ஒரு பறவையை, ஒரு மனிதனைக் கட்டியெழுப்பலாம் என்கிறார். 1814இல் தொடங்கி 15 தொகுதிகளாக வெளிவந்த 'ஹொக்குசாய் மங்கா'வும் முதலில் பயில்வோருக்கான மாதிரிநூலே. அலையை வரையும் கலையை அவரும் ஒரே நாளில் கண்டவரல்லர். பேரலைக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, படகின்மீது கவிழும் அலைகளை அவர் அச்சோவியமாக்கியிருந்தார். தம்மையே திருப்பித் திருப்பி வரைந்து எழுபது வயதில் அந்த அலையை அடைந்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அசல், பிரதி என்ற வேறுபாடே இவ்வகை ஓவியத்துக்குச் சரிவரப் பொருந்தாது. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதனை மரப்பலகையில் ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்குவார். ஓவியரின் கைப்படம் அத்துடன் அழிந்துபோகும். பின்னர் அச்சிடுபவர் நிறத்துக்கு நிறம் பலகை மாற்றி ஆயிரக்கணக்கில் அச்சிடுவார். ஆக, நூதனசாலைகளில் நாம் காணும் பேரலைகள் யாவும் பலர் கைபட்ட அச்சுப்படிகளே. அப்படியொரு படைப்பு மேலும் ஒரு சிறு கையினூடாகச் செல்வதில் அதற்கு இழுக்கு ஏதுமில்லை.

சரி, பிள்ளைக்கு இதனால் என்ன பயன்?

பேரலையைப் பார் என்றால் பிள்ளை அலையை மட்டும் பார்க்கும். பெரியவர்களும் அப்படியே. வரையத் தொடங்கியதும்தான் அலைக்கு நடுவே மூன்று படகுகள் இருப்பது தெரியவரும். படகுகளில் குனிந்து ஒட்டிக்கிடக்கும் மனிதர்கள் தெரிவார்கள். தொலைவில் சிறு முக்கோணமாக நிற்பது மற்றோர் அலையன்று, பனிமூடிய பூஜி மலை என்பது விளங்கும். முன்னாலுள்ள சிறிய அலையும் அந்த மலையின் வடிவத்திலேயே எழுவதைக் கை கண்டுபிடிக்கும். நாட்டின் மிகப் பெரிய மலையை ஏன் இவ்வளவு சிறிதாக வரைந்தார் என்று பிள்ளை கேட்கும். அருகிலிருப்பது பெரிது, தொலைவிலிருப்பது சிறிது என்ற விதியை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போடவேண்டிய தேவையில்லை. வானத்தை நிரப்பாமல் விட்டது சோம்பலால் அன்று என்பதும் புரியும். வெற்றிடமும் படத்தின் ஒரு பகுதி என்பதை, தாளின் ஒவ்வோர் அங்குலத்தையும் பெஸ்டலால் தேய்த்து நிரப்பப் பழக்கப்பட்ட எங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

"கட்டுப்பாடின்றி விட்டுவிட்டால் பிள்ளையின் சொந்தக் கற்பனை மலரும்" என்போருக்கு எனது அனுபவத்தையே மறுமொழியாகத் தருவேன். பத்திரிகை ஆசிரியபீடத்தில் சில காலம் சிறுவர் பக்கத்துக்கு வரும் சித்திரங்களைப் பிரித்துத் தெரிவுசெய்யும் பணி எனக்கு இருந்தது. கட்டுக்கட்டாக வரும். எவரும் எதையும் பார்த்து வரையச் சொன்னதில்லை, தலைப்புக்கூடக் கொடுப்பதில்லை. உறைகளைப் பிரித்தால் இரு முக்கோண மலைகள், அவற்றிடையே அரைச் சூரியன், அடியில் வளைந்தோடும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசையும் தென்னையும், வானத்தில் பறவையென நாலைந்து வளைகோடுகள். மலையே இல்லாத யாழ்ப்பாணத் தீபகற்பத்துப் பிள்ளையும் அதே மலைகளையே அனுப்பியது. சுதந்திரமாக விடப்பட்ட பிள்ளை வெறுமையிலிருந்து வரைவதில்லை. அண்ணனின் கொப்பியிலிருந்தும், பக்கத்து வாங்கிலிருந்தும், நாட்காட்டியிலிருந்தும் பார்த்தே வரைகிறது. அமெரிக்கக் கலைக்கல்வி ஆய்வாளர்களான பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் 1977இல் வெளியிட்ட கட்டுரை இதையே வாதித்தது. இளையோரின் படங்களில் ஏறக்குறைய ஒவ்வோர் உருவத்துக்கும் சித்திரக்கதை போன்ற ஏதோவொரு முன்மாதிரி இருந்ததை அவர்கள் கண்டனர்.

ஆகவே பிள்ளை பார்த்து வரையலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. அது எப்படியும் பார்த்துத்தான் வரையப்போகிறது. நாட்காட்டி மலையைப் பார்க்கட்டுமா, ஹொக்குசாயின் மலையைப் பார்க்கட்டுமா என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்கலாம்.

ஜப்பானிய ஆய்வாளர்களான தக்கேஷி ஒக்கடா, கென்தாரோ இஷிபாஷி ஆகிய இருவரும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களிடம் வரைந்தவர்கள் சிறுவர்களல்லர், பல்கலைக்கழக மாணவர்கள். அதை மனதிற் கொள்ளவேண்டும். தமக்குப் பழக்கமற்ற பாணியில் அமைந்த ஓவியங்களை முதலில் பார்த்து வரைந்த மாணவர்கள், பின்னர் தாமாக வரைந்தபோது, அப்பயிற்சி பெறாதவரைவிடப் புதுமையாக வரைந்தனர். அவர்களது புதிய படங்கள் மாதிரியைப் போலவும் இருக்கவில்லை. பழக்கமில்லாத ஒன்றைக் கையால் பின்தொடரும்போது, படம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற பழைய பிடி தளர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எங்கள் பிள்ளைக்கு ஜப்பானிய ஓவியம் பொருந்துவதற்கும் இதுவே காரணம். அது அந்நியமானது, ஆனால் தெளிவானது. கோடு தெரிகிறது, நிறம் தட்டையாக இருக்கிறது, சிறு கைக்கும் பிடிபடுகிறது.

வின்சென்ட் வான்கோவுக்கு அது பிடிபட்ட விதம் எல்லோரும் அறிந்ததே. 1887இல், ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட இரண்டு அச்சோவியங்களை அவர் எண்ணெய் வர்ணத்தில் பிரதி செய்தார். ஒன்று பூத்த மரமுள்ள தோட்டம், மற்றது பாலத்தின்மீது கொட்டும் மழை. தாளில் கட்டம் போட்டு, சுவடு எடுத்து, பாடசாலைப் பிள்ளையைப் போலவே செய்தார். அப்போது அவருக்கு வயது 34. அதற்கு அடுத்த ஆண்டு ஆர்ள் நகரில் அவர் வரைந்தவற்றை எவரும் ஜப்பானியப் பிரதி என்று சொல்லத் துணியார்.

எங்கள் பக்கத்துக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. மேலே சொன்ன தைக்கானும் ஷுன்சோவும் 1903இல் கல்கத்தாவுக்கு வந்தனர். நீரால் நிறத்தைக் கரைத்துப் படரவிடும் அவர்களது முறையை அவனீந்திரநாத் தாகூர் கவனித்துக் கற்றார். அதையே மாற்றி, படத்தை முழுமையாக நீரில் தோய்த்தெடுக்கும் தமது முறையை உருவாக்கினார். வங்க ஓவியத்தின் அந்த மங்கிய ஒளி அப்படி வந்தது. அவருடைய மாணவர் நந்தலால் போஸ் அஜந்தாவுக்குச் சென்று சுவரோவியங்களைப் பிரதி செய்தவர்களுள் ஒருவர். இலங்கையிலே, ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், பரம்பரை ஓவியர் தம் பிள்ளைகளைப் பயிற்றிய முறையைப் பதிவுசெய்கிறது. 'வக தெக' எனப்படும் இரட்டை வளைகோட்டைக் கை பழகும்வரை திரும்பத் திரும்ப வரைவதே அங்கு முதற்பாடம். பிரதி செய்தலை அடிமைப் புத்தி என்று கருதும் வழக்கம் எங்கள் நாடுகளில் பழமையானதன்று.

ஓவியத்தில் மட்டும் நாம் ஏன் இவ்வாறு தடுமாறுகிறோம் என்பது எனக்கு விளங்குவதில்லை. சங்கீத வகுப்பில் முதல்நாளே சொந்தமாக ஓர் இராகம் பாடு என்று எவரும் பிள்ளையிடம் கேட்பதில்லை. சரளி வரிசையை ஆசிரியர் பாடப் பிள்ளை திருப்பிப் பாடுகிறது. ஏடு தொடக்கும் நாளில் பெரியவரின் கை பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுகிறது. நானும் என் தொழிலை அப்படித்தான் கற்றேன். மூத்த செய்தியாளர்களின் அறிக்கைகளை வேலை முடிந்தபின் கையால் எழுதிப் பார்ப்பேன். எந்தத் தகவலை முதலில் வைத்தார், எதைக் கடைசிவரை ஒத்திவைத்தார், எந்தச் சொல்லை வேண்டாமென்று விட்டார் என்பன கண்ணால் வாசித்தபோது தெரியவில்லை, எழுதும்போது தெரிந்தன.

ஆயினும் பிழையான முறைகளும் உண்டு. அவை மிகுந்தும் காணப்படுகின்றன. பரீட்சைக்கென்று ஒரு சந்தைக் காட்சியையும் ஒரு திருவிழாக் காட்சியையும் மனனம் செய்வித்து, எந்த வினா வந்தாலும் அதையே கக்கவைக்கும் தனியார் வகுப்புகள் உள்ளன. அங்கே பிள்ளை பிரதி செய்வது ஓவியத்தை அன்று, ஆசிரியரின் சூத்திரத்தை. அதுதான் கனாயே எதிர்த்த பழைய பாடநூல். புதிய உறையில் திரும்பி வந்திருக்கிறது. பெரும் ஓவியங்களைக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் கோடு வளைந்தால் ஆசிரியரே பென்சிலை வாங்கித் திருத்திக் கொடுப்பதும் உண்டு. பெற்றோரை மகிழ்விக்க அது உதவும். பிள்ளைக்கோ, தன் கை போதாது என்ற ஒரே பாடந்தான் எஞ்சும். பத்து வயதையொட்டி எத்தனையோ பிள்ளைகள் வரைவதையே விட்டுவிடுவதற்கு இந்த எண்ணம் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இதில் பிள்ளை இழப்பது ஒரு பாடத்தை மட்டுமன்று. உலகை நின்று பார்க்கும் ஒரு வழக்கத்தையே.

எனவே கற்பிப்போரிடமும் பெற்றோரிடமும் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, பென்சிலைக் கையில் எடுக்குமுன் பத்து நிமிடமாவது பிள்ளையைப் பார்க்கவிடுங்கள். எத்தனை படகுகள், எத்தனை நீலங்கள், எந்த இடம் வெறுமை என்று கேளுங்கள். விடையைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பேரலையின் அசல் அளவு ஏறத்தாழ 25 சென்ரிமீற்றருக்கு 37 சென்ரிமீற்றர். கிட்டத்தட்ட அந்த அளவுத் தாளையே கொடுங்கள். கைத்தொலைபேசியின் சின்னத் திரையைக் காட்டி வரையச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, ஒத்திருப்பதற்குப் புள்ளி போடாதீர்கள். மாறியிருக்கும் இடத்தைக் கவனியுங்கள். கோரின் முரசைத் திரைக்குள் கொண்டுவந்ததைப் போல, பிள்ளையும் ஏதோவொன்றை நகர்த்தியிருக்கும். ஏன் நகர்த்தினாய் என்று அன்போடு கேளுங்கள். கை தவறியதென்று சொன்னாலும் குறையில்லை. அடுத்த முறை தெரிந்தே நகர்த்தும்.

மூன்றாவது, படத்தின் கீழே "ஹொக்குசாயின் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது" என்று பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். தன் பெயரை அதற்குக் கீழே எழுதட்டும். கற்பதற்காகப் பார்த்து வரைவதும், பிறர் படைப்பைத் தனதென்று காட்டுவதும் வேறுவேறு என்பதை ஏழு வயதில் கற்ற பிள்ளை எழுபது வயதிலும் மறவாது. இப்பிரதிகளைப் போட்டிகளுக்கு அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள்.

நான்காவதும் முதன்மையானதும் இது. பிரதி முடிந்தபின் மாதிரியை எடுத்து மறைத்துவிட்டு, பிள்ளையைத் தன் கடலிடம் அழைத்துச் செல்லுங்கள். கடல் இல்லாத ஊரில் வாழ்ந்தால் மழையிடமோ பனியிடமோ, பேருந்துத் தரிப்பிடத்தில் காத்திருக்கும் மனிதரிடமோ அழைத்துச் செல்லுங்கள். இப்போது உன் கண்ணால் பார்த்து வரை என்று சொல்லுங்கள். கனாயே கேட்டதும் இதைத்தான். அவருடைய சுதந்திரமும் கனோ பட்டறையின் பயிற்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பயிற்சிக்குப் பின் சுதந்திரம் வராவிட்டால் பிள்ளை அச்சு இயந்திரமாகும். பயிற்சியே இல்லாத சுதந்திரத்தில் பிள்ளை அந்த இரு மலைகளுக்கும் அரைச் சூரியனுக்குமே திரும்பத் திரும்பப் போகும்.

இந்த நான்காவது படியைத்தான் வகுப்புகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. சுவரில் மாட்டுவதற்கு அழகான பிரதி கிடைத்ததும் ஆசிரியர் திருப்தியடைகிறார். பெற்றோரும் படம் பிடித்து உறவினருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே, பிள்ளை பேரலையோடு வீட்டுக்கு வரும் நாளில், கொப்பியடித்தாயா என்று கேட்டு அதன் முகத்தை வாடச் செய்யாதீர்கள். அந்தப் படகுகளில் இருப்பவர்கள் கரை சேர்ந்தார்களா என்று கேளுங்கள். பிள்ளை ஏதாவது சொல்லும். அதை வரையச் சொல்லி இன்னொரு தாளைக் கொடுங்கள்.